பாடும் நகைகளும் பெயர் எழுதாத கைகளும்

(நூற்றாண்டு விழாக் கண்காட்சியை ஒட்டி, பழைய மாணவியர் சங்கக் கண்காட்சிக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

நூறு வயதை எட்டிய கல்லூரியின் விழாவிலே பேசுவதற்குப் பெரிய பொருள்கள் எத்தனையோ உண்டு. அவற்றைப் பேச எங்களிலும் தகுதியானவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். நாங்கள் பேச எடுத்துக்கொண்டது மிகச் சிறியதொரு பொருள். உள்ளங்கையில் அடங்கிவிடும். இசை எழுப்பும் இயந்திரம் பொருத்திய பழைய போலி நகைகளும், அவற்றோடு ஒட்டிப் பிறந்த முகப்பவுடர்ப் பெட்டி, நகைப்பெட்டி போன்றவையுமே அவை.

கண்காட்சிக்கு வீட்டிலுள்ள பழைய பொருள்களைத் தாருங்கள், பொன் மட்டும் வேண்டாம் என்று கேட்டிருந்தோம். பொன்னுக்குக் காவல் போட எங்களிடம் வசதி இல்லை. அப்படி வந்தவற்றுள் திறந்தவுடன் பாடும் பவுடர்ப் பெட்டி இருந்தது. சிறு நடனப் பெண் சுழலும் நகைப்பெட்டி இருந்தது. பின்புறத்தில் குட்டித் திருகு வைத்த பதக்கமும் இருந்தது. பார்க்க வந்த பிள்ளைகள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: “இதுக்குள்ள பற்றறி எங்க இருக்கு?” அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இந்த உரையைத் தயாரித்தோம். தயாரிக்கும்போது, பற்றறியைவிடப் பெரிய விடயம் ஒன்றும் எங்களுக்குத் தென்பட்டது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

போலிப் பொன்னும் மணிக்கூடும்

எங்கள் ஊர்ப் பேச்சில் “கவறிங்” என்றால் கொஞ்சம் இளக்காரம் உண்டு. கலியாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போனாலும் “இது கவறிங்தான்” என்று நாங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவோம். ஆனால் போலி நகைக்கும் ஒரு மரியாதையான வரலாறு உண்டு. அது இசை இயந்திரத்தின் வரலாற்றோடு தொடக்கத்திலேயே பின்னிக்கிடக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே இலண்டனில் கிறிஸ்தோபர் பிஞ்ச்பெக் என்றொரு மணிக்கூட்டுக் கைவினைஞர் இருந்தார். செம்பையும் நாகத்தையும் சேர்த்து, பார்வைக்குப் பொன்னைப் போலவே தோன்றும் ஓர் உலோகக் கலவையை அவர் உண்டாக்கினார். பயணம் போகிறவர்கள், கள்வருக்கு அஞ்சுகிறவர்கள், பொன் வாங்க வசதி இல்லாதவர்கள் எல்லோருக்கும் அந்த நகை உதவியது. கலவையின் சேர்மான அளவை அவருடைய குடும்பம் இரகசியமாகவே வைத்திருந்தது. 1732இல் அவர் இறந்தார். பின்னாளில் அவருடைய பெயரே ஆங்கிலத்தில் “போலி” என்ற பொருளில் வழங்கலாயிற்று. ஒரு மனிதருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. ஏனென்றால் தம் காலத்தில் அவர் புகழ்பெற்றிருந்தது இசைபாடும் மணிக்கூடுகளுக்காகவும், பறவையின் குரலில் ஒலிக்கும் தானியங்கிப் பொறிகளுக்காகவும்தான். போலிப் பொன்னும் பாடும் இயந்திரமும் ஒரே மனிதரின் வேலைத்தலத்தில் இருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதே நூற்றாண்டில் பரிஸ் நகரில் ஜோர்ஜ் பிரெடெரிக் ஸ்ட்ராஸ் என்பவர், ஈயம் கலந்த கண்ணாடியை வைரம் போலப் பட்டை தீட்டி விற்றார். அந்தக் கற்களை அரச குடும்பத்தினரும் அணிந்தார்கள். 1734இல் அவர் அரசரின் நகை வினைஞர் ஆனார். போலிக் கல்லுக்கு “ஸ்ட்ராஸ்” என்ற பெயர் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆக, பொன்னல்லாத நகையைத் தொடக்கத்தில் அணிந்தவர்கள் ஏழைகள் மட்டுமல்லர். பொருளின் விலையைப் பாராமல் வேலைப்பாட்டைப் பார்த்து வாங்கிய காலமும் இருந்திருக்கிறது.

மணியும் சுத்தியலும் இல்லாத இசை

பிஞ்ச்பெக்கின் காலத்தில் ஓர் இயந்திரம் பாட வேண்டுமானால் அதற்குள் மணிகள் வேண்டும். மணிகளை அடிக்கச் சிறு சுத்தியல்கள் வேண்டும். ஒரு சுரத்துக்கு ஒரு மணி. எட்டுச் சுரம் வேண்டுமென்றால் எட்டு மணி. சுவர் மணிக்கூட்டுக்குள் அதற்கு இடமுண்டு. சட்டைப்பையில் வைக்கும் மணிக்கூட்டுக்குள் நெருக்கடி. மோதிரத்துக்குள் நினைத்தும் பார்க்க முடியாது.

1796இல் ஜெனீவா நகரின் அந்துவான் ஃபாவ்ர் என்ற மணிக்கூட்டுக் கைவினைஞர் இந்த நெருக்கடியைத் தீர்த்தார். மணியும் சுத்தியலும் இல்லாமல் இசைக்கும் பொறியொன்றை அந்நகரின் கலைச் சங்கத்துக்கு அவர் அறிவித்தார். அவர் மணிகளுக்குப் பதிலாக வைத்தது மெல்லிய உருக்குத் தகட்டுப் பற்களை.

இதிலே எங்கள் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் படித்தவர்களுக்கு விளங்காதது ஒன்றுமில்லை. இசைக்கவையை இறப்பர்க் கட்டையில் தட்டிக் காதருகே பிடித்தது ஞாபகம் இருக்கிறதல்லவா? சுரமானியில் கம்பியின் நீளத்தைக் குறைக்கக் குறைக்க மீடிறன் கூடியதும் ஞாபகம் இருக்கும். அடிமட்டத்தை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, வெளியே நீட்டிய பகுதியைத் தட்டி “டொய்ங்” என்று ஒலியெழுப்பி ரீச்சரிடம் ஏச்சு வாங்கியவர்களும் இந்த மண்டபத்தில் இருப்பார்கள். ஃபாவ்ரின் தத்துவம் அதுவேதான். ஒரு பக்கம் இறுகப் பிடித்த உருக்குப் பல்லின் மறு நுனியை உயர்த்தி விட்டால் அது அதிரும். நீளமான பல் தாழ்ந்த சுரம் தரும். குட்டையான பல் உயர்ந்த சுரம் தரும். தாழ்ந்த சுரம் வேண்டும், ஆனால் நீளத்துக்கு இடமில்லை என்றால், பல்லின் அடிப்புறத்தில் ஒரு பொட்டு ஈயத்தை ஒட்டிப் பாரமாக்கலாம். இப்படிப் பற்கள் வரிசையாக நிற்கும்போது பார்வைக்குத் தலைவாரும் சீப்பைப் போலவே இருக்கும். அதன் பெயரும் சீப்புத்தான்.

சீப்பின் முன்னே ஒரு பித்தளை உருளை சுழலும். உருளையின் மேற்பரப்பில் மயிரிழை போன்ற ஊசிகள் நடப்பட்டிருக்கும். உருளை சுழலச் சுழல ஒவ்வோர் ஊசியும் தனக்குரிய பல்லை உயர்த்தி விடும். எந்த ஊசி எங்கே நிற்கிறது என்பதுதான் பாட்டு. உருளையைச் சுழற்றுவது சுருட்டி வைத்த உருக்கு வில். நாங்கள் திருகும்போது கொடுக்கும் அழுத்தசக்தி அதற்குள் சேமிக்கப்படுகிறது. அந்தச் சக்தி ஒரேயடியாகப் பாய்ந்துவிடாதபடி, பற்சில்லுகளின் கடைசியில் ஒரு குட்டிக் காற்றாடி வேகமாகச் சுழன்று காற்றின் தடையால் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. பிள்ளைகளே, பற்றறி எங்கே என்று கேட்டீர்களே. வில்தான் பற்றறி. அதைத் திருகும் விரல்தான் மின்சாரம்.

இந்தக் கண்டுபிடிப்புக்குப் பின் இசை இயந்திரம் சுருங்கத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே ஜெனீவாவிலும் அதனைச் சூழ்ந்த மலைக் கிராமங்களிலும் பாடும் மோதிரங்கள், பாடும் பதக்கங்கள், மணிக்கூட்டுச் சங்கிலியில் தொங்கும் பாடும் முத்திரைகள், வாசனைக் குப்பிகள் எல்லாம் செய்யப்பட்டன. உருளைக்கு உயரம் போதாத இடத்தில் தட்டையான வட்டத் தகட்டின் இருபுறமும் ஊசி நட்டு, மேலும் கீழும் பற்களைப் பரப்பினார்கள். அவை பொன்னிலும் முத்திலும் எனாமலிலும் செய்யப்பட்டு, பெரிய இடத்துப் பெண்களுக்கும் பிரபுக்களுக்கும் போயின. போலி நகைக்குள் இசை வருவதற்கு இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் செல்ல வேண்டியிருந்தது.

சென்ற்குறுவாவின் பெண்கள்

சுவிற்சர்லாந்தின் யூரா மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில், சென்ற்குறுவா என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே மாரிகாலம் நீண்டது. பனி மூடிவிட்டால் தோட்டவேலை இல்லை. வீட்டுக்குள் இருந்து செய்யும் நுண்ணிய வேலைதான் சோறு போட வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி தொடங்கி அந்த ஊரின் பிழைப்பு இசைப்பெட்டியாயிற்று. உலகெங்கும் போன இசைப்பெட்டிகளில் பெரும் பங்கு அந்த மலையூரில் பிறந்தது.

ஓர் இசை இயந்திரம் ஒருவருடைய கையால் முடிவதில்லை. சீப்பு வெட்டுபவர் ஒருவர். சுரம் சேர்ப்பவர் இன்னொருவர். பற்சில்லு செய்பவர் வேறொருவர். இவற்றுள் மிகவும் பொறுமை வேண்டிய வேலைகள் இரண்டு. பாட்டுக்கேற்றபடி வெறும் உருளையில் ஊசி வரவேண்டிய இடங்களைப் புள்ளியிடுவது ஒன்று. துளையிட்ட பின் ஒவ்வொரு துளையிலும் ஊசியை நடுவது மற்றது. இந்த இரண்டு வேலைகளும் பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தன. பலர் வீட்டில் இருந்தே செய்தார்கள். ஒரு பெரிய இசைப்பெட்டியின் உருளையில் பல ஆயிரம் ஊசிகள் இருக்கும். ஒரே உருளையில் ஆறு, எட்டுப் பாட்டுகள் வேண்டுமென்றால், ஒரு பாட்டின் ஊசிகளுக்கிடையே அடுத்த பாட்டின் ஊசிகளை இழையளவு தள்ளி நட வேண்டும். உருளை பக்கவாட்டில் ஒரு மயிரளவு நகர்ந்தால் அடுத்த பாட்டு. புள்ளி ஓர் இழை பிசகினால் அந்தச் சுரம் முந்தும் அல்லது பிந்தும். கேட்பவர் காதுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

எங்கள் தையல் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்குத் தையலில் ஒரு நூல் தவறினால் முழுப் பூவும் கோணலாகிவிடும் என்று பிரித்துத் தைக்க வைத்தார்களே, அந்த ஒழுக்கம்தான் இங்கும். ஒரு வேறுபாடு மட்டும்: தையலில் பிசகு கண்ணுக்குத் தெரியும், உருளையில் பிசகு காதுக்குத் தெரியும்.

அந்தக் காலத்துப் பெரிய இசைப்பெட்டிகளின் மூடியின் உட்புறத்திலே அழகான கடதாசி ஒன்றை ஒட்டியிருப்பார்கள். அதிலே எந்தெந்தப் பாட்டு எந்த ஒழுங்கில் வரும் என்று எழுதியிருக்கும். பாட்டு இயற்றியவரின் பெயர் இருக்கும். சில வேளைகளில் நிறுவனத்தின் பெயரும் இருக்கும். புள்ளியிட்டவளின் பெயரோ, ஊசி நட்டவளின் பெயரோ அந்தச் சீட்டில் இடம்பெறுவதில்லை. பாட்டு இன்றும் கேட்கிறது. அதை ஊசி ஊசியாக நட்டவள் யாரென்று அறிய வழியில்லை.

போலி நகைக்குள் புகுந்த பாட்டு

கிராமபோன் வந்ததும் இசைப்பெட்டியின் காலம் சரிந்தது. மனிதக் குரலையே கேட்கலாம் என்ற பின் ஊசியும் சீப்பும் யாருக்கு வேண்டும்? சென்ற்குறுவாவின் வேலைத்தலங்கள் தங்கள் கைத்திறனை வேறு வழிகளில் திருப்பின. 1883இல் இசைப்பெட்டிக்காகத் தொடங்கிய தொரென்ஸ் நிறுவனம் கிராமபோன், இசைத்தட்டுச் சுழலி, சிகரெட் லைற்றர் என்று பலவற்றைச் செய்தது. பையார் என்ற பழைய இசைப்பெட்டி நிறுவனம் ஹேர்மஸ் தட்டச்சுப் பொறியைச் செய்தது. தட்டச்சு வகுப்பில் அந்தப் பெயரைப் பார்த்தவர்கள் எங்களில் இருக்கலாம். அந்த இயந்திரத்தின் பூர்வீகம் ஓர் இசைப்பெட்டி என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

ஆனாலும் சிறிய இசை இயந்திரம் முற்றாகச் சாகவில்லை. செய்யும் முறை இலகுவாகி, விலையும் இறங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த ஆண்டுகளில் அது பொன்னை விட்டுப் பித்தளைக்குள்ளும் முலாம் பூசிய தகட்டுக்குள்ளும் குடிபுகுந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பாடும் முகப்பவுடர்ப் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. மூடியைத் திறந்ததும் ஒரு சிறு கம்பி விலகி, உள்ளே கட்டுண்டிருந்த காற்றாடியை விடுவிக்கும், பாட்டு தொடங்கும். மூடியதும் கம்பி திரும்பி வந்து காற்றாடியைப் பிடித்துக்கொள்ளும். கைச்சங்கிலியில் தொங்கும் பாடும் தொங்கல்களும், கழுத்தில் அணியும் பாடும் பதக்கங்களும் வந்தன. கந்தோருக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய பெண், தன் சம்பளத்தில் தனக்கென்று வாங்கக்கூடிய பொருளாக இசை மாறியது அப்போதுதான்.

யப்பானிலும் இதே காலத்தில் ஒரு புதிய தொடக்கம் நிகழ்ந்தது. நகானோ மாகாணத்தில் சுவா ஏரிப் பகுதியில் 1946இல் தொடங்கிய சாங்கியோ செய்கி நிறுவனம் இரண்டு ஆண்டுகளில் இசை இயந்திரம் செய்யத் தொடங்கியது. அரக்குப் பூசிய யப்பானிய நகைப்பெட்டிகளும், நடனப் பெண் சுழலும் பெட்டிகளும் உலகெங்கும் பரவின. இவற்றுள் பலவற்றில் உள்ள சீப்புக்கு 18 பற்கள். உருளை ஒரு சுற்றுச் சுற்றினால் பாட்டு ஒரு முறை முடியும். பதினெட்டுப் பற்களுக்குள் ஒரு பாட்டை அடக்குவது பெரிய வித்தை. ஒரு பல் அதிர்ந்து அடங்குவதற்கு முன் அதையே மறுபடி தட்டினால் இரைச்சல் வரும். ஆகவே அடிக்கடி வரும் சுரத்துக்கு இரண்டு, மூன்று பற்களை ஒதுக்க வேண்டும். அப்போது மற்றச் சுரங்களுக்கு இடம் குறையும். எதை வைத்திருப்பது, எதை விடுவது என்று தீர்மானித்துத்தான் ஒவ்வொரு பாட்டும் அந்தச் சிறு உருளைக்குள் போனது.

2020இல் சுவிற்சர்லாந்தும் பிரான்சும் சேர்ந்து, யூரா மலைப் பகுதியின் மணிக்கூட்டுக் கைவினையையும் அதனோடு சேர்ந்த இயந்திரக் கலைகளையும் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெறச் செய்தன. எங்கள் அலுமாரி லாச்சிக்குள் கிடக்கும் குட்டி இயந்திரமும் அந்த மரபின் ஒரு பேரப்பிள்ளைதான்.

வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

இனி, வீட்டில் இப்படியொன்றை வைத்திருப்பவர்களுக்குச் சில நடைமுறை விடயங்கள். மணிக்கூடு திருத்துபவர்கள் சொல்வதையும், சேகரிப்பாளர்கள் வழக்கமாகக் கடைப்பிடிப்பதையும் இங்கே தொகுத்துச் சொல்கிறோம்.

முதலாவது: நெடுங்காலம் கிடந்த இயந்திரத்தை எடுத்தவுடன் திருகாதீர்கள். பல்லில் துருவும் பற்சில்லில் தூசும் இருக்கும். திருகு நகரவில்லை என்றால் பலம் கொடுக்க வேண்டாம். “கூடத் திருகினதால பழுதாப் போச்சு” என்று வழக்கமாகச் சொல்வோம். பெரும்பாலும் அது காரணமல்ல. பழைய எண்ணெய் காய்ந்து பசையாகி, முறுக்கிய வில்லைப் பிடித்து வைத்திருக்கும். சுத்தம் செய்தால் ஓடும்.

இரண்டாவது மிக முக்கியமானது. வில் முறுக்கேறி இருக்கும்போது காற்றாடிப் பகுதியின் ஆணியைக் கழற்றவே கூடாது. கட்டுப்பாடு போனதும் உருளை ஒரு கணத்தில் வெறிகொண்டு சுழலும். ஊசிகள் வளையும், பற்கள் முறியும். இருநூறு ஆண்டுகள் தாக்குப்பிடித்த இசைப்பெட்டிகளும் இந்த ஒரு கணத்தில் அழிந்திருக்கின்றன. வீட்டிலுள்ள இளைஞர்களின் ஆர்வம் நல்லதுதான். ஆனால் இந்த ஆணியை அவர்களுக்குக் காட்டிச் சொல்லி வையுங்கள்.

மூன்றாவது: தேங்காய் எண்ணெய் வேண்டாம். தையல் மெசின் எண்ணெயையும் ஊற்ற வேண்டாம். சீப்புக்கு எண்ணெயே தேவையில்லை. பற்சில்லின் அச்சுகளுக்கு மணிக்கூட்டு எண்ணெய் ஊசிமுனையளவு போதும். அதையும் தெரிந்தவர் கையால் செய்விப்பது நல்லது.

நான்காவது: புளியும் விபூதியும் குத்துவிளக்குக்குத்தான். முலாம் பூசிய நகையைப் புளி போட்டு விளக்கினால் முலாம் போய்விடும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைப்பது பொன்னுக்குச் சரி, இதற்குச் சரிவராது. பழைய போலிக் கற்கள் பலவற்றின் பின்னால் வெள்ளித் தாள் போன்ற மெல்லிய தகடு இருக்கும். தண்ணீர் உள்ளே போனால் அது கறுத்துக் கல்லின் ஒளியும் போய்விடும். காய்ந்த மென்மையான துணியும் சிறு தூரிகையும் போதும். எங்கள் கரையோர ஊர்களின் உப்புக்காற்று உருக்குக்கு எதிரி. ஈரம் உறிஞ்சும் சிறு பொதி ஒன்றோடு மூடிய பெட்டியில் வையுங்கள். பவுடர்ப் பெட்டியானால் உள்ளே உறைந்து கிடக்கும் பழைய பவுடரை மெதுவாக எடுத்துவிடுங்கள். அந்தத் தூள் இயந்திரத்துக்குள் இறங்கினால் காற்றாடி நின்றுவிடும்.

ஐந்தாவது: பாட்டைப் பாதியில் நிறுத்தி எடுத்து வைக்காதீர்கள். முடியும் வரை ஓட விடுங்கள். நடுவில் நிறுத்தினால் ஏதாவதொரு ஊசி ஒரு பல்லைத் தூக்கிய நிலையிலேயே நிற்கும். பெட்டியைத் தூக்கும்போதும் பயணத்தில் குலுங்கும்போதும் அந்தப் பல்லுக்கு ஆபத்து. வெளிநாட்டுக்குக் கொண்டு போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

ஆறாவது: ஒலி மெல்லிதாக இருக்கிறது என்று கவலைப்பட வேண்டாம். இவ்வளவு சின்னச் சீப்பால் தனியே அதிகக் காற்றை அசைக்க முடியாது. மரமேசையில் வைத்துப் பாருங்கள், ஒலி பெருகும். சுரமானிக்கு அடியில் மரப்பெட்டி இருந்ததும் இதற்காகத்தான். பதக்கமானால் உடையில் கிடக்கும்போது துணி ஒலியை விழுங்கும். அதைக் கையில் எடுத்துக் காதருகே வைத்துத்தான் கேட்க வேண்டும். அது அணிந்தவளுக்கும் அவள் அருகே அழைத்தவருக்கும் மட்டுமான இசை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பிற்காலத்தில் வந்த பாடும் ஊசிப்பதக்கங்கள் சிலவற்றில் சீப்பும் உருளையும் இல்லை. நத்தார் காலத்தில் அணியும் அழுத்தினால் பாடும் வகை அது. அவற்றுள் உண்மையிலேயே பற்றறி இருக்கிறது, பொத்தான் வடிவில். பிள்ளைகள் விழுங்கினால் உயிராபத்து. பழசானால் கசிந்து நகையையும் அரித்துவிடும். கழற்றி, பிள்ளைகளுக்கு எட்டாதபடி அப்புறப்படுத்துங்கள்.

நிறுக்க முடியாத சொத்து

இவ்வளவும் எதற்காக? ஒரு சிறிய விளையாட்டுப் பொருளுக்கு இத்தனை பேச்சா என்று சிலர் நினைக்கலாம்.

ஒரு வீட்டில் பெரியவர் கண்மூடிய பின் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். காப்பு, சங்கிலி, அட்டியல் எல்லாம் நிறுக்கப்படும். பவுன் கணக்கில் பிரிக்கப்படும். யாருக்கு எவ்வளவு என்பது எழுதி வைக்கப்படும். பாடும் பவுடர்ப் பெட்டிக்குப் பவுன் கணக்கு இல்லை. அடைவுகடையில் அதை எடுக்கமாட்டார்கள். அது பழைய உடுப்போடு ஒரு பைக்குள் போகும். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ அந்தப் பை ஒரு தருமக் கடையின் வாசலில் வைக்கப்படும். இடப்பெயர்வுக் காலங்களிலும் அப்படித்தான். மடியில் முடிந்துகொண்டு ஓடியது பொன்னை. அதில் குறை காண எவருக்கும் உரிமையில்லை. அந்தப் பொன்தான் சோறும் மருந்தும் பயணச் செலவும் ஆனது. பொன்னின் வேலையே அதுதான்: தேவை வரும்போது தன் உருவத்தை இழந்து உதவுவது. தாலிக்கொடி போய் அரிசி வந்த வீடுகள் எத்தனை!

விற்க முடியாத நகை உருவத்தை இழப்பதில்லை. அதை உருக்க யாரும் விரும்பமாட்டார்கள். ஆகவே தப்பிப் பிழைத்த வீடுகளில், அணிந்தவளின் கைப்பட்ட தேய்வோடு, மூடியில் அவள் பெருவிரல் பதிந்த இடத்தோடு, அது அப்படியே இருக்கிறது. அவள் என்ன கேட்டு மகிழ்ந்தாள் என்பதையும் அது சொல்கிறது. பொன் சங்கிலி ஒன்று அதைச் சொல்லாது.

ஆனால் அது பேசுவதற்கு எங்களுடைய துணை வேண்டும். இந்தக் கண்காட்சிக்கு வந்த பொருள்களை ஒழுங்கு செய்யும்போது அதுதான் எங்களுக்கு உறைத்தது. “அம்மம்மாவின்ர பெட்டி” என்று கொண்டுவந்தவர்களிடம், எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று கேட்டோம். பலருக்குத் தெரியவில்லை. பாட்டின் பெயரையும் தெரியவில்லை. அறிந்த மாமியோ பெரியம்மாவோ அண்மையில்தான் காலமாகியிருந்தார். சென்ற்குறுவாவில் ஊசி நட்ட பெண்ணின் பெயரை யாரும் எழுதவில்லை. அதை இனி மீட்க முடியாது. அந்த இயந்திரத்தை அறுபது ஆண்டுகளாகத் திருகித் திருகிக் கேட்ட பெண்ணின் பெயரும் அதே வழியில் போகலாமா? அதைத் தடுப்பது இன்னும் எங்கள் கையில் இருக்கிறது. ஆனால் நீண்ட காலத்துக்கு இராது.

ஆகவே எங்கெங்கும் வாழும் பழைய மாணவியரிடம் எங்கள் குழு ஒன்றைக் கேட்கிறது. பணம் கேட்கவில்லை, கட்டட நிதிக்கு வேறு குழு இருக்கிறது. வீட்டில் இப்படி ஒரு பொருள் இருந்தால், அது பாடினாலும் பாடாவிட்டாலும், ஒரு சிறு கடதாசியில் நான்கு விடயங்களை எழுதி அதனுள்ளே வையுங்கள். அது யாருடையது, முழுப்பெயர், பிறந்த வீட்டுப் பெயரோடு. அது எங்கிருந்து, யார் மூலம், எந்த ஆண்டளவில் வந்தது. அதன் பாட்டு என்ன. பெயர் தெரியாவிட்டால் இசை தெரிந்த ஒருவரைக் கேட்கச் செய்து சுரத்தில் எழுதுங்கள். எந்தப் பல் முறிந்திருக்கிறது, எது வேலை செய்யவில்லை. குமிழ்முனைப் பேனாவின் மை கலையக்கூடும்; பென்சிலால் எழுதுவது நல்லது. இயந்திரம் பாதுகாப்பாக ஓடுமென்று தெரிந்தால் கைத்தொலைபேசியில் ஒரு முறை ஒலிப்பதிவு செய்து பிள்ளைகளுக்கு அனுப்பி வையுங்கள்.

பாடும் பெட்டி இல்லாத வீடுகளும் இதைச் செய்யலாம். கவறிங் காப்பு, கண்ணாடி மணிமாலை, பிளாஸ்ரிக் ஊசிப்பதக்கம் எதுவானாலும் சரி. பொன்னுக்கு அதன் நிறையே சாட்சி. இவற்றுக்கு நாங்கள் எழுதும் சீட்டுத்தான் சாட்சி.

சங்கத்தின் வாசிகசாலையில் இந்தச் சீட்டுகளின் பிரதிகளுக்காக ஒரு கோப்புத் திறந்திருக்கிறோம். பொருளைத் தர வேண்டியதில்லை; அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். சீட்டின் பிரதி மட்டும் போதும். எங்களுக்குப் பின் இந்தக் கல்லூரியில் படிக்கவிருக்கும் பிள்ளைகள், தங்கள் மூத்தவர்கள் எதை அணிந்தார்கள், எதைக் கேட்டார்கள் என்று அதில் பார்த்துக்கொள்வார்கள்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் லாச்சியைத் திறந்து பாருங்கள். அம்மா இருந்தால் அருகில் இருத்திக் கேளுங்கள். பென்சிலை மறக்காதீர்கள்.